அடுப்புத் தெருவில் ஒரு நேர்காணல்

என் பயோடேட்டாவின் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி இருந்தது. எதை எழுதத் தொடங்கினாலும் தாளின் தலைமாட்டில் அதை இட்ட பிறகே என் கை அடுத்த எழுத்துக்கு நகரும். மளிகைச் சாமான் எழுதும் துண்டுத்தாளுக்கும் அதே மரியாதைதான். சுழிக்குக் கீழே என் தந்தையார் பெயர், பாட்டனார் பெயர், பூர்விகம், குலதெய்வம் ஆகியவை முறையே இடம்பெற்றிருந்தன. அவற்றுக்குப் பிறகுதான், கடலோரத்து இரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அலுவலராக நான் உழைத்த ஆண்டுகளின் வரலாறு தொடங்கியது. திருமுறை ஓதுதலில் பெற்ற பரிசுகள் கடைசிப் பக்கத்தில் இருந்தன.

திருவனந்தபுரம் தம்பானூரில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்தில், மேசைக்கு அப்பால் இருந்த பெண் அதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரி. அவள் தமிழ் பாதி வழியில் மலையாளத்துக்கு மாறி, மறுபடியும் தமிழுக்குத் திரும்பி வரும்.

"அங்கிளே, இது பயோடேட்டாவாணோ, ஜாதகமாணோ?"

"ஏன் அம்மா, விவரம் குறைவாக இருக்கிறதா?"

"ஐயோ, கொறவொண்ணும் இல்ல. பொண்ணு பாக்கப் போகல்ல கேட்டோ. ரெண்டு பக்கம் மதி. தாத்தா பேரு வேண்டாம். எந்த வேலை, எந்த பிளான்ட், எந்த சர்ட்டிபிகேட், அது போதும்."

தாத்தாவை நீக்கினோம். குலதெய்வத்தையும் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டு நீக்கினேன். சுழி மட்டும் எஞ்சியது. அதையும் அவள் அழித்தபோது, "ஒரு மூலையில் சிறிதாக" என்று கெஞ்சிப் பார்த்தேன். "கம்ப்யூட்டரே அத வெட்டிக் களையும் அங்கிளே" என்றாள்.

அந்த அலுவலகத்தின் அரசு உரிமம் எங்கே என்று நான் கேட்டதற்கு அவள் கோபப்படவில்லை. சுவரைக் காட்டினாள். முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோகும் தரகர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தேன். அங்கே மாட்டியிருந்த உரிமத்தின் எண்ணை நான் உரக்கப் படித்து, அரசின் இணையதளத்தில் சரிபார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, "சேஃப்டி ஆபீசர்னு இப்போதான் நம்பிக்கை வந்து" என்றாள்.

நான் தேடியது நிரந்தர வேலை அன்று. வளைகுடா நாடுகளில் உள்ள பெரிய எண்ணெய் ஆலைகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறுத்திவைத்து உள்ளும் புறமும் பழுதுபார்ப்பார்கள். ஷட்டவுன் என்பது அதன் பெயர். அப்போது ஊர்த் திருவிழாவுக்குச் சேர்வதுபோல் ஆட்கள் வந்து குவிவார்கள். தொட்டிக்குள் இறங்குபவர், சாரத்தில் ஏறுபவர், நெருப்போடு வேலை செய்பவர் எல்லோரும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள். அவர்களைக் கண்காணிக்க இரண்டு மூன்று மாத ஒப்பந்தத்தில் பாதுகாப்பு அலுவலர்களை எடுப்பார்கள். எனக்கு அறுபது நிறைய இன்னும் சில மாதங்களே இருந்தன. அறுபது தாண்டியவரின் விண்ணப்பத்தைப் பெரும்பாலும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னாள். இந்தப் பருவத்தில் கிடைத்தால் கிடைத்தது. தவறினால் அந்தக் கதவு எனக்கு அடைபட்டதுதான்.

ஏன் போக வேண்டும் என்று என் மனைவி கேட்டாள். வலியசாலையில் எங்கள் வீட்டு அடுக்களையில் நின்று, திரும்பிப் பாராமலே கேட்டாள்.

"ஊருல உள்ளவனுக்கெல்லாம் தொப்பி மாட்டி முடிச்சாச்சு. இனி அரபிக்காரனுக்கு மாட்டணுமாக்கும்? அறுவது வயசுல ஆம்பிளைய காசிக்குப் போவாங்க. நீங்க கம்பெனிக்குப் போறிய."

நான் அவளுக்குச் சரியான விடை சொல்லவில்லை. உண்மையான விடை எனக்கே சற்று வெட்கமாக இருந்தது. பிறவியைக் கடல் என்றும், கரை என்றும், தோணி என்றும் பாடிய அடியார்களின் பதிகங்களைச் சிறு வயது முதல் நாள்தோறும் ஓதி வருகிறேன். தொழிற்சாலையின் பின்சுவருக்கு அப்பால் அரபிக்கடல் கிடந்தது. மதிய உணவு இடைவேளையில் அதைப் பார்த்துக்கொண்டேதான் சோற்றுப் பொதியை அவிழ்ப்பேன். ஆனால் நான் எந்தக் கடலையும் கடந்ததில்லை. அந்தப் பக்கத்தில் என் தொழிலை எப்படிச் செய்கிறார்கள், நான் கற்றது அங்கே செல்லுமா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல். அவ்வளவுதான்.

முதல் நேர்காணல் கணினி வழியே நடந்தது. எதிரே ஓர் ஆங்கிலேயர், நரைத்த தாடி, நிதானமான குரல். சட்டங்கள், வாயுச் சோதனை, அடைபட்ட இடங்களுக்குள் இறங்கும் முறை என எல்லாவற்றையும் கேட்டார். தடுமாறாமல் சொன்னேன். கடைசியில், "உங்கள் பிரிவில் சென்ற ஆண்டு எத்தனை நியர் மிஸ் பதிவாயின?" என்றார். விபத்தாக வேண்டியது நூலிழையில் விலகிப்போனால் அதற்கு எங்கள் தொழிலில் நியர் மிஸ் என்று பெயர்.

நான் கைகளைக் கூப்பாத குறையாக, "இறைவன் அருளால் ஒன்றுகூட இல்லை" என்றேன்.

அவர் தலையசைத்தார்; நன்றி சொன்னார்; திரை இருண்டது. மகிழ்ச்சியாக எழுந்து போய்க் காபி கேட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பாறசாலைப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிளே, அவங்க வேண்டான்னு சொல்லி. ஒரு வரி எழுதியிருக்காங்க, வாசிக்கட்டோ? 'இவர் எதையும் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததைச் சொல்லவில்லை.'"

"நான் உண்மையைத்தானே சொன்னேன்?"

"ஒரு கொல்லம், ஒரு வருசம் முழுக்க ஒண்ணுமே நடக்கல்லன்னா அவங்க சந்தோசப்பட மாட்டாங்க அங்கிளே, பயந்துபோவாங்க."

இந்த விடை எனக்குப் பெரிய புதிராக இருந்தது. எங்கள் ஆலையில் வழக்கம் வேறு. ஒரு திருகுசாவி மேலிருந்து விழுந்து யார் தலையிலும் படாமல் போனால், விழுந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். சாவியைக் கயிற்றில் கட்டச் சொல்வேன், கட்டுவார்கள், அதோடு முடிந்தது. அதை எழுதிவைக்க எவரும் விரும்பியதில்லை, நானும் கேட்டதில்லை. தீயதைச் சொல்லால் தொட்டால் அது வீடு தேடி வரும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி அரிசி தீர்ந்தது என்றுகூடச் சொல்ல மாட்டாள். அரிசி நிறைந்திருக்கிறது என்பாள். நான் புரிந்துகொண்டு கடைக்குப் போவேன்.

அன்று மாலை வழக்கம்போல் விளக்கேற்றி ஓத உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமைகளில் கவசம் ஓதுவது எங்கள் வீட்டு முறை. உடலின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இதைக் காக்க, இதைக் காக்க என்று வேண்டிக்கொண்டே போகும் பாடல் வகை அது. வாய் தன் போக்கில் ஓதிக்கொண்டிருந்தது. கண், செவி, நாசி, கழுத்து, தோள், விரல் என்று கீழே இறங்கி வந்தபோது, இந்த வரிசையை வேறெங்கோ நாள்தோறும் படித்திருக்கிறோமே என்று தோன்றிற்று. தொழிற்சாலை வாயிலில் நானே மாட்டி வைத்த பலகைதான். கண்ணுக்குக் கண்ணாடி, செவிக்கு அடைப்பான், நாசிக்கு முகமூடி, கைக்கு உறை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஓதுவதை நிறுத்திவிட்டு அடுத்த பகுதியைப் புதிதாகப் படிப்பவன்போல் படித்தேன். அங்கே நஞ்சு, நெருப்பு, நீர், பாம்பு, களிறு, பகைவர், பெயர் தெரியாத நோய் என்று எதையும் விடாமல் சொல்லியிருந்தது. பாடியவர் எதையும் மங்கலத்துக்காக மறைக்கவில்லை. அஞ்சுவதை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டுத்தான் காப்பாற்று என்கிறார். இத்தனை ஆண்டுகளாக ஓதுகிறேன். இந்தப் பட்டியல் ஏன் இவ்வளவு நீளம் என்று ஒருநாளும் கேட்டதில்லையே என்று வியப்பாக இருந்தது. அருள் வேண்டிய அடியார்கள் ஆபத்துகளின் பெயரைச் சொல்லக் கூசவில்லை. நான்தான் அருளைச் சாக்கிட்டு அவற்றை விழுங்கிவிட்டேன்.

அடுத்த வாய்ப்பு மாசியில் வந்தது. வேறொரு நிறுவனம், வேறொரு ஆலை. மின்னஞ்சலில் மூன்று நேரங்களைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நாகர்கோவிலிலிருந்து வரவழைக்கும் பஞ்சாங்கத்தைப் பிரித்து, இராகு காலம், எமகண்டம் இரண்டையும் தவிர்த்து, நட்சத்திரமும் பொருந்திய ஒரு முற்பகலைத் தேர்ந்து உடனே பதில் அனுப்பினேன். மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் அடுக்களைச் சுவரில் தொங்கிய மலையாளக் காலண்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கி பொங்காலையாக்கும்."

திருவனந்தபுரத்தில் வாழ்ந்துகொண்டு ஆற்றுகால் அம்மனுக்குப் பெண்கள் பொங்கலிடும் பொங்காலையை மறந்தவன் என்னைத் தவிர வேறொருவன் இருக்க முடியாது. அன்று எங்கள் தெரு மட்டுமல்ல, நகரமே அடுப்பாகிவிடும். மூன்று செங்கல், ஒரு பானை, ஓலையும் தென்னம்பாளைக் கொதும்பும் என்று பெண்கள் முதல் நாளே வந்து தெருவில் இடம் பிடிப்பார்கள். சந்நிதி அடுப்பில் தீ மூட்டியதும் அது கைமாறிக் கைமாறித் தெருத்தெருவாக வரும்.

"வேற நாள் கேளுங்களேன்."

"முதல் கடிதத்திலேயே நாள் மாற்றச் சொன்னால் என்ன நினைப்பார்கள்?"

"நல்ல நேரம் பாத்தாச்சில்லா. பொறவென்ன? பொகையில நில்லுங்க" என்று காய் நறுக்கப் போனாள்.

அந்த நாள் வந்தது. நாகர்கோவிலிலிருந்து அவள் தங்கை, அதாவது என் கொழுந்தி, விடியும் முன்பே வந்துவிட்டாள். எங்கள் வாசலில் அக்காளும் தங்கையும் அருகருகே செங்கல் வைத்தார்கள். மனைவியின் அடுப்பு ஸ்கூட்டருக்கு மிக அருகில் இருந்ததால் நகர்த்தச் சொன்னேன். பிறகு மின்கம்பத்தடியில் இருந்ததால் நகர்த்தச் சொன்னேன். மூன்றாம் இடம் சாக்கடை மூடியின் மேல் அமைந்துவிட்டது. அதையும் மாற்றச் சொன்னேன். கொழுந்தி ஓலைக்கட்டைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தாள். அதைத் தூக்கி நான்கைந்து அடி தள்ளி வைத்தேன். நான் திரும்பியதும் அது பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மறுபடி தள்ளி வைத்தேன். மறுபடி வந்தது.

"அத்தான், ஓலைய அங்க வச்சா நான் ஒவ்வொருக்கயும் எந்திரிச்சு ஓடணுமா? எனக்கு முட்டுவலி."

குரவை ஒலி தெரு முனையில் எழுந்தது. தீ வந்துவிட்டது. நேர்காணலுக்கு இன்னும் சற்று நேரம் இருந்தது. மேலே போகலாம் என்று படியில் கால் வைத்தபோது அடுப்பிலிருந்து ஒரு பொறி தெறித்து ஓலையின் நுனியில் விழுந்தது. கொழுந்தியின் முந்தானை அதன் மேல் கிடந்தது. என் மனைவி குனிந்து முந்தானையைச் சுருட்டி இழுத்தாள். நான் வாளி நீரை ஓலைமேல் கவிழ்த்தேன். கருகியது துணியில் ஒரு ரூபாய் வட்டம். அம்மே நாராயணா என்று கொழுந்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் கூட்டத்தில் நின்ற அவள் மகளைக் கூப்பிட்டு, ஓலையைத் தள்ளி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவின் கையில் கொடுப்பது மட்டும் உன் வேலை என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

மின்சாரம் இல்லை; வீட்டு இணையமும் இல்லை. கைபேசிக்கு மாடி வராந்தாவின் ஒரு மூலையில்தான் சிக்னல் கிடைத்தது. திரையில் நடுவயதுப் பெண்மணி ஒருவர் தோன்றினார். அந்த ஆலையின் பாதுகாப்பு மேலாளர். ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

"மன்னிக்க வேண்டும், உங்கள் பின்னால் ஏதாவது எரிகிறதா?"

"தெரு முழுவதும் எரிகிறது, அம்மையீர். ஆனால் அது முறைப்படி எரிகிறது" என்றேன்.

அவர் கைபேசியைத் திருப்பிக் காட்டச் சொன்னார். காட்டினேன். வரிசை வரிசையாக அடுப்புகள், புகைக்குள் அசையும் சேலைகள், இருமல், சிரிப்பு, ஒலிபெருக்கி. முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்து பார்த்தார். அவர் வைத்திருந்த கேள்விகளை ஒதுக்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

"இந்தத் தெரு உங்கள் பொறுப்பு என்றால் இப்போது எதைப் பார்ப்பீர்கள்?"

கண்ணில் பட்ட வரிசையிலேயே சொல்லத் தொடங்கினேன். எரியும் ஓலை கைமாறும் இடம். செயற்கை இழைச் சேலை. புகையில் மூச்சுத் திணறக்கூடியவர்களும், அவர்கள் வெளியேற வழியில்லாத நெருக்கமும். ஆம்புலன்ஸ் வரத் தேவையான அகலம். எல்லாவற்றையும்விட, பொங்கி முடிந்து எல்லோரும் புறப்பட்ட பிறகு கிடக்கும் சாம்பலும் சூடாறாத செங்கல்லும். முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிற நேரத்தில்தான் வெறுங்காலுடன் நடப்பார்கள். சாம்பலைப் பிளாஸ்டிக் சாக்கில் அள்ளுவார்கள்.

"நியர் மிஸ் ஏதாவது?"

இறைவன் அருளால் என்று நாக்கு புறப்பட்டுவிட்டது. அதைப் பல்லுக்குள் நிறுத்தினேன்.

"சற்று முன்பு ஒன்று. என் வீட்டு வாசலில், என் கண்முன்னால், நான் இருமுறை எச்சரித்த பிறகு" என்று தொடங்கி முந்தானை வரை சொன்னேன். "ஏன் ஓலை திரும்பத் திரும்பப் பழைய இடத்துக்கு வந்தது?" என்று கேட்டார். "நான் சொன்ன இடத்தில் வைத்தால் அவளால் அடுப்பெரிக்க முடியாது. என் எச்சரிக்கை அவள் முழங்காலைக் கணக்கில் கொள்ளவில்லை" என்றேன். இந்த விடையைச் சொல்லி முடித்த பிறகுதான் அது எனக்கே விளங்கிற்று.

அப்போது கீழேயிருந்து என் மனைவியின் குரல் வராந்தாவை எட்டியது.

"ஒங்களத்தான்! அங்க நின்னு யாருக்குப் படம் காட்டுதிய? ரெண்டு வாளி தண்ணி கொண்டாங்க!"

திரையில் மேலாளரின் முகம் மாறியது. ஆங்கிலம் போய்விட்டது.

"ஐயா, நீங்கள் தமிழோ? அம்மாவோட ஒருக்கா கதைக்கலாமோ?"

யாழ்ப்பாணத்துக்காரர். நான் கம்பிமேல் சாய்ந்து கைபேசியைக் கீழ்நோக்கிப் பிடித்தேன். புகைக்குள்ளிருந்து மனைவி முகத்தை நிமிர்த்தினாள்.

"அம்மா, ஐயா சொன்னா ஆக்கள் கேப்பினமோ?"

"கேக்காம இவங்க விடமாட்டாங்க தாயி! காலத்த இருந்து என் அடுப்ப மூணு எடத்துக்கு மாத்தியாச்சு. இப்பதான் நாலாமத்த எடத்துல பொங்குது. கூட்டிட்டுப் போம்மா! ரெண்டு மாசம் நான் நிம்மதியா தோசை சுடுவேன்!"

சுற்றி இருந்த அடுப்புக்காரிகள் எல்லோரும் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். மனைவியின் பானை அந்நேரம் பொங்கி வழிந்தது. அவள் குரவையிட்டாள். நேர்காணல் முடிந்தது.

தீர்த்தம் தெளித்து, தெரு காலியாகி, சாம்பலில் நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் என் அருகில் வந்து நின்றாள்.

"நான் வெளையாட்டுக்குச் சொன்னது. அந்தப் புள்ள அத நெசமுன்னு எடுத்துக்கிட்டாளோ?"

மெய்யென்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார். சில நாளில் ஒப்பந்தம் வந்தது. மருத்துவச் சோதனை, சான்றிதழ்களுக்கு முத்திரை, விசா என்று பாறசாலைப் பெண் ஒவ்வொன்றாக நடத்திக் கொடுத்தாள். புறப்படும் நாளுக்கு நான் பஞ்சாங்கத்தைப் பிரித்தபோது என் மனைவி அடுக்களைக் காலண்டரையும் கழற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

அந்த ஆலையை நான் பார்த்த முதல் காலையில் இயந்திரம் எதுவும் ஓடவில்லை. ஏழெட்டு மொழி பேசும் மனிதர்கள் தலைக்கவசத்துடன் நின்றிருந்தார்கள். நிறுத்தப்படாத பக்கத்து ஆலையின் உயர்ந்த குழாய் உச்சியில் கழிவு வாயு எரிந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்திலும் நிறம் குறையாத நெருப்பு. அடிமுடி தேடிய கதையை எத்தனை பதிகங்களில் ஓதியிருப்பேன்! கழுத்தை அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன். தரையில் கிடந்த ரப்பர் குழாய் காலைத் தட்டியது. தடுமாறினேன், கம்பியைப் பிடித்துக்கொண்டேன், விழவில்லை. யாரும் பார்க்கவில்லை.

அலுவலகத்துக்குப் போய் நியர் மிஸ் அட்டை ஒன்றை எடுத்து என் பெயரையே எழுதினேன். என்ன நடந்தது, எங்கே என்ற கட்டங்களை நிரப்பினேன். மேலாளர் வாங்கிப் படித்துவிட்டு, "முதல் நாளே உங்கட பேரிலயோ, ஐயா?" என்றார். "மிச்சத்தையும் நிரப்பித் தாங்கோ." மீண்டும் நிகழாதிருக்க என்ன செய்யலாம் என்ற கட்டம் காலியாக இருந்தது. குழாயை அகற்றுவது என்று எழுதலாம். ஆனால் தவறு குழாயினுடையது மட்டும் அல்லவே.

மாலையில் மனைவியை அழைத்துச் சொன்னேன்.

"விழுந்துட்டியளா?"

"விழல்ல."

"விழாததுக்கு எதுக்கு எழுதணும்?"

நான் முதல் நேர்காணலில் தோற்றது இந்தக் கேள்வியில்தான். நான் விளக்கத் தொடங்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"அந்தத் தீ எம்புட்டு ஒயரம்?"

"தென்னைய விட ஒயரம். அண்ணாந்தாத்தான் தெரியும்."

மறுமுனையில் தோசைக்கல்லை இறக்கிவைக்கும் ஓசை கேட்டது. அவளும் அதைக் கற்பனையில் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"அப்பம் நின்னு பாருங்க. நடந்துகிட்டே பாக்காதிய."

மறுநாள் காலை, காலியாக இருந்த கட்டத்தில் அவள் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி மேலாளர் மேசையில் வைத்தேன்.